மாசி மகத்துக்குப் போனால் கொடுவா

மலையிலிருந்து இறங்கி

நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீன் தானாகப் பிறந்ததில்லை. 1860களில் பிரான்சிஸ் டே என்ற ராணுவ மருத்துவர் இங்கிலாந்திலிருந்து முட்டைகளை வரவழைத்துப் பார்த்தார். வந்து சேருமுன்பே கெட்டுப்போயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்த பிறகுதான் அந்த மீன் எங்கள் ஊரில் காலூன்றியது. மீனோடு துரைமார்களின் தூண்டில் முறையும் இங்கேயே தங்கிவிட்டது. அதற்குப் பெயர் ஃப்ளை ஃபிஷிங். புழு கிடையாது, இறால் கிடையாது, ஈயக்குண்டும் கிடையாது. சின்ன முள்ளைச் சுற்றிச் சேவல் இறகையும் ஆட்டுமுடியையும் கட்டி ஒரு பொய்ப்பூச்சி செய்கிறோம். அதற்கு எடையே இல்லை. கனமான நூலைச் சாட்டைபோலத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் சுழற்றினால், நூல்தான் பூச்சியைத் தூக்கிக்கொண்டு போய் நீரில் போடும்.

குன்னூரில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் நாங்கள் நால்வர். ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர், தேயிலை ருசி பார்ப்பவர் ஒருவர், வங்கிக்காரர் ஒருவர், பிறகு நான். வருஷத்துக்கு ஒருமுறை குடும்பங்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டு எங்காவது நீர் தேடிப் போவோம். டிரவுட் ஓடைகள் பல முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் போய்விட்டதால் வீட்டு வாசலில் தூண்டில் போடும் காலம் முடிந்துவிட்டது. இந்த வருஷம் கடற்கரைக்குப் போகலாம் என்று ஆரம்பித்தவர் ஆசிரியர். ஆஸ்திரேலியாக்காரர்கள் பாரமுண்டி என்று கொண்டாடி, அதற்காகவே ஊர் ஊராகப் பறக்கிறார்களே, அந்த மீன் நம் கொடுவாதான் என்று அவருக்குத் தெரியும். அது பொய்ப்பூச்சியையும் கவ்வும். கடலூரிலிருந்து சிதம்பரம்வரை கழிமுகம் கழிமுகமாக அது இருக்கிறது. பிறகென்ன?

எப்போது போவது என்பதில்தான் தகராறு. நாங்கள் டிசம்பர் என்றோம். பள்ளி விடுமுறை, மிச்சமிருக்கும் லீவு, எல்லாருக்கும் வசதி. வங்கிக்காரர் ஒருகாலத்தில் கடலூர்க் கிளையில் வேலை பார்த்தவர். அங்கே பழக்கமான ஒரு படகுக்காரருக்கு போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். மறுமுனையில் சிரிப்பு.

"டிசம்பர்ல எங்க ஊருக்கு மீன் புடிக்க வர்றேன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான் சார்."

அவர் கணக்கை அடுக்கினார். 2004 டிசம்பர் 26, சுனாமி. 2011 டிசம்பர் 30, தானே. 2015இல் கார்த்திகை முழுக்க வெள்ளம். 2024 டிசம்பர் பிறந்ததும் ஃபெஞ்சல், பெண்ணையாறு ஊருக்குள். சுனாமிக்கும் மழைக்கும் சம்பந்தமில்லை என்று ஆசிரியர் முணுமுணுத்தார். படகுக்காரர் காதில் அது விழவில்லை. "மழத்தண்ணி எல்லாம் வடிஞ்சு, வாட தணிஞ்சு, உப்பு ஏறி, தண்ணி தெளியணும். மாசி மகத்துக்கு முன்ன பின்ன வாங்க. பௌர்ணமி, ஓட்டமும் நல்லா இருக்கும்" என்றார். சித்திரை, வைகாசி வேண்டாமா என்று கேட்டோம். "அப்ப தடக்காலம். உங்களுக்கு வெயிலு தாங்காது" என்று முடித்துவிட்டார். தேதியை எங்களுக்காக அவரும் நிலவும் குறித்தார்கள். நாங்கள் லீவு எழுதிக் கொடுத்தோம்.

கடலூர் முதுநகர்

முதுநகரை ஊர்க்காரர்கள் 'ஓ.டி.' என்றுதான் சொல்கிறார்கள். விடியுமுன் துறைமுகத்துக்குப் போய்விட வேண்டும் என்பது படகுக்காரரின் உத்தரவு. "மீனு எங்க இருக்குன்னு மார்க்கெட்டு சொல்லும் சார், தண்ணி சொல்லாது."

குன்னூரின் காலை சத்தமில்லாதது. பனிமூட்டத்துக்குள் யாரோ இருமினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். இங்கே நான்கு மணிக்கே ஏலக்காரர்களின் குரல். கானாங்கெளுத்தியும் மத்தியும் குவியலாக, சங்கரா சிவப்பாக, கிழங்கான் வெள்ளிக் குச்சிகளாக, ஓரமாகத் தனி மரியாதையோடு ஒரு வஞ்சிரம். கூடைக்காரப் பெண்கள் ஐஸ் தண்ணீரில் வெறுங்காலோடு நின்று பேரம் பேசினார்கள். தேயிலை ருசி பார்ப்பவர் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு மீனையும் முகர்ந்து பார்த்தார். ஓர் அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்து, "மோந்து பாக்குறதுக்கு என்ன பூவா? செவுள தூக்கிப் பாரு சாமி" என்றார். செவுள் ரத்தச் சிவப்பாக இருந்தது. அவர் அதற்குமேல் முகரவில்லை.

எங்கள் கண் தேடியது கொடுவாவை. இருந்தது மூன்றோ நான்கோதான். கழிமுகத்தில் வீச்சு வலைக்காரர்கள் கொண்டுவந்தவை. "முந்தி உப்பனாத்துலயே கெடைக்கும்" என்றார் ஒரு முதியவர். உப்பனாற்றங்கரையை ஒட்டித்தான் 1980களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. ஆற்றில் மீன் குறைந்துபோனதற்கு அந்தக் கரைக் கிராமத்தார் பல வருஷமாகக் கழிவுநீரைத்தான் காரணம் சொல்கிறார்கள். முதியவர் அதைப் புகாராகச் சொல்லவில்லை. பஸ் ரூட் மாறிவிட்டது என்பதுபோலச் சொன்னார். "தெக்க போங்க. வெள்ளாத்துல இருக்கு."

துறைமுகத்துக்கு எதிரே தட்டியடைத்த ஒரு கடையில் காலைச் சாப்பாடு. இட்லிக்கு முந்தின நாள் மீன்குழம்பு. குன்னூரில் காலையில் மீன்குழம்பு கேட்டால் வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள். இங்கே கேட்காமலே ஊற்றினார்கள். இரவெல்லாம் ஊறிய மாங்காயும் மீனும் சேர்ந்த புளிப்பு, நாக்கின் இரண்டு ஓரத்திலும் நின்றது.

தேவனாம்பட்டினம்

சில்வர் பீச் என்று சுற்றுலாக்காரர்கள் சொல்லும் கடற்கரை இங்கேதான். மாசி மகத் தீர்த்தவாரிக்குச் சுற்றுவட்டாரக் கோயில்களின் சாமிகள் வந்து இறங்கும் இடமும் இதுவே. மகத்துக்கு இன்னும் நாள் இருந்ததால் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள்; ராட்டினக்காரர்களும் பொரிகடலைக்காரர்களும் முன்னதாகவே இடம் பிடித்திருந்தார்கள்.

பக்கத்தில் புனித டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடமிருந்து கோட்டையை விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமும் சேர்த்து என்று பேச்சு. இருப்பதிலேயே தூரம் போகும் பீரங்கியைத் தேடிப் பிடித்துச் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அடங்கிய ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. கிளைவ் இங்கே கவர்னராக இருந்திருக்கிறார். 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து இடித்துப் போட்டார்கள். தூரமாக எறிகிறவனுக்கு ஊரே சொந்தம் என்ற அந்தக் கதையைக் கேட்டதும் வங்கிக்காரருக்கு வேகம் வந்துவிட்டது.

கெடிலக் கரையில் நின்று நூலைச் சுழற்றினோம். மலை ஓடையில் காற்று மரங்களுக்குள் நின்றுவிடும். எறிய வேண்டிய தூரமும் பத்துப் பதினைந்து அடிதான். இங்கே கொண்டல் காற்று நேராக முகத்தில் அடித்தது. வங்கிக்காரர் எறிந்த பூச்சி முன்னால் போவதாகப் போக்குக் காட்டிவிட்டு அவர் தொப்பியில் வந்து உட்கார்ந்தது. கரையில் பையன்கள் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவர்களில் ஒருவன் கையில் தண்ணீர் பாட்டிலில் சுற்றிய தங்கூசு. நுனியில் ஒரு முள், அதில் துண்டு இறால். எங்கள் தடியையும் ரீலையும் வெகுநேரம் பார்த்தான்.

"எரயே இல்லாம மீனு எப்புடிண்ணே வரும்?"

"ஏமாந்து வரும் தம்பி."

"எங்க ஊரு மீனு ஏமாறாதுண்ணே" என்று சொல்லிவிட்டு, பாட்டிலைச் சுழற்றித் தங்கூசை வீசினான். கொஞ்ச நேரத்தில் ஒரு கெளுத்தி அவன் காலடியில் துள்ளியது. முள் குத்தாமல் அதைப் பிடிக்கும் லாவகம் அந்த வயதில் எங்களில் ஒருவருக்கும் கிடையாது. மாலை சாயும்போது தேயிலைக்காரருக்கு ஒரு பாறைக்குஞ்சு வந்தது, உள்ளங்கை நீளம். எங்கள் கௌரவத்துக்கு அது போதும் என்று பையன்கள் ஒப்புக்கொண்டார்கள்.

பரங்கிப்பேட்டை

கடலூரிலிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டர் சுமாருக்கு வெள்ளாறு கடலில் சேர்கிறது. அந்த முகத்துவாரத்தின் ஊர் பரங்கிப்பேட்டை. போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எல்லாரும் சரக்கு ஏற்றி இறக்கிய துறை. 1781 ஜூலை 1ஆம் தேதி ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் படையும் இந்த மணலில்தான் மோதின. அடுத்த நூற்றாண்டில் ஜோசையா ஹீத் இங்கே இரும்பு உருக்கி இங்கிலாந்துவரை அனுப்பினார். இன்று அந்தச் சத்தம் ஒன்றும் இல்லை. தர்காக்கள், மரைக்காயர் வீடுகளின் உயர்ந்த திண்ணைகள், வெயிலில் உலரும் வலைகள், நெய் மினுங்கும் அல்வா. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது.

படகுக்காரரின் மைத்துனர் தன் ஃபைபர் படகில் எங்களை ஏற்றிக்கொண்டார். எஞ்சினை அணைத்துவிட்டுக் கழியால் தள்ளிக்கொண்டே பாடம் நடத்தினார். இந்தக் கரையில் ஏத்தமும் வத்தமும் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் அந்த ஒரு மீட்டரில்தான் மீனின் வயிறு இருக்கிறது. ஏத்தத்தில் நீர் புதர்களுக்குள் ஏறும்போது பொடிமீனும் இறாலும் உள்ளே போய்விடும். வத்தம் தொடங்கியதும் அத்தனையும் சின்ன ஓடைகள் வழியாக வெளியே வந்தாக வேண்டும். அந்த வாயில்களில், நிழல் விழும் பக்கமாக, கொடுவா நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். தேட வேண்டியதில்லை, அதன் வாசலில் சாப்பாட்டை வைக்க வேண்டும். "நேரம் தப்புனா வலையும் ஒண்ணுதான், உங்க கோழி எறகும் ஒண்ணுதான்" என்றார்.

மலை ஓடையில் மீனைக் கண்ணால் பார்த்து எறிவோம். கல்லுக்குப் பின்னால் நிழல் அசைவது தெரியும். இங்கே நீர் பாலில்லாத தேநீர் நிறம். நீரின் மேல்தோலில் ஏற்படும் சுருக்கத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். மடவைக் குஞ்சுகள் சிதறிப் பாய்ந்தால் கீழே யாரோ துரத்துகிறார்கள் என்று அர்த்தம். ஆசிரியர் குன்னூரில் கட்டிக்கொண்டுவந்த வெள்ளை இறகுப் பூச்சி, நீரில் நனைந்ததும் இறால்போலவே காலாட்டியது. ஓர் ஓடை வாயில் மூன்று மடவைகள் ஒன்றாகத் துள்ளின. அவர் எறிந்தார். இழுத்தார், நிறுத்தினார், இழுத்தார். அடுத்த கணம் நூல் விரலை அறுத்துக்கொண்டு ஓடியது. மீன் முழு உடம்பும் நீருக்கு வெளியே வந்து தலையை உதறியது. செவுள்கள் உள்ளுக்குள் கடகடத்த சத்தம் படகுவரை கேட்டது. பத்து நிமிஷப் போராட்டத்துக்குப் பிறகு வலைப்பைக்குள் வந்தபோது ஆசிரியரின் கைகள் நடுங்கின. கைநீளம் இருக்கும். முதுகு பித்தளை, வயிறு வெள்ளி, அந்தியில் கண் நெருப்புத்துண்டு.

"விட்டுடலாம்" என்றார் ஆசிரியர்.

மைத்துனர் கழியை நிறுத்திவிட்டார். "என்னங்கய்யா, இம்மாந் தூரம் வந்து, புடிச்சதுக்கு அப்புறம் விடுறதா?"

ஆசிரியர் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். கொடுவா பிறப்பது ஆணாக. சில ஆண்டுகள் ஆணாகவே வளர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறுகிறது. ஆறுகளிலும் உப்பங்கழிகளிலும் வளர்ந்த மீன் முட்டையிட முகத்துவாரத்துக்கு வந்தாக வேண்டும். நன்னீரில் அதற்கு இனப்பெருக்கம் கிடையாது. ஆகையால் கழிமுகத்தில் மாட்டும் பெரிய கொடுவா பெரும்பாலும் தாய். அது ஒன்று போனால், அதற்குப் பதிலாக இன்னொரு ஆண் வளர்ந்து பெண்ணாகும்வரை வருஷங்கள் காத்திருக்க வேண்டும். 1997இல் சென்னையிலுள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் செயற்கையாகக் கொடுவாக் குஞ்சு பொரிக்க வைத்துவிட்டது. பண்ணைகளில் வளர்ப்பதற்கு அது உதவும்; வெள்ளாற்றுக்குத் தாய்மீன் வெள்ளாற்றிலேயே இருக்க வேண்டும்.

மைத்துனர் எல்லாவற்றையும் கேட்டார். "எங்க தாத்தா காலத்துலயே பெருசு முட்ட வச்சிருந்தா கொஞ்சம் யோசிப்பாங்க" என்றார். பிறகு சிரித்தார். "வுடுங்க. நீங்க வுட்டது நாளக்கி எங்க பய வலையில வரும். உங்களுக்குப் புண்ணியம், எங்களுக்குக் கொழம்பு."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவருக்கு அது பள்ளிக் கட்டணம், எஞ்சின் டீசல். எங்களுக்கு அது ஒரு படம். விடுவது எங்களுக்குச் சுலபமான தர்மம் என்பது அந்தப் படகில் எல்லாருக்கும் தெரிந்தேயிருந்தது. ஆசிரியர் மீனை வாலைப் பிடித்து, நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து, செவுள் சீராகும்வரை காத்திருந்தார். அது கையை உதறிவிட்டுப் போனது. மைத்துனருக்கு அந்த மீனின் சந்தை விலையைப் படகுக் கூலியோடு சேர்த்துக் கொடுத்தோம். அவர் மறுத்தார், பிறகு வாங்கிக்கொண்டார்.

கிள்ளை, பிச்சாவரம்

பிச்சாவரத்தில் தூண்டில்களை எடுக்கவில்லை. அது காப்புக்காடு. சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் அடர்ந்த ஆயிரத்துச் சொச்சம் ஹெக்டேர். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே நூற்றுக்கணக்கான ஓடைகள். 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. துடுப்புப் படகில் உள்ளே போனால் கிளைகள் தலைக்கு மேல் கூடிக் கூரையாகிவிடுகின்றன. படகோட்டி, "எம்.ஜி.ஆர். 'இதயக்கனி'க்கு இங்கதான் வந்தாரு" என்று சொல்லாமல் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. தில்லை மரத்தைக் கண்டால் கை வைக்காதீர்கள், பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்றும் எச்சரித்தார். சிதம்பரம் கோயிலின் தலவிருட்சம் அதுதான்.

காட்டின் விளிம்பில் இருளர் பெண்களைப் பார்த்தோம். இடுப்பளவு நீரில் குனிந்து நகர்ந்துகொண்டே இரு கைகளாலும் சேற்றைத் துழாவுகிறார்கள். விரலில் இறால் தட்டுப்பட்டதும் எடுத்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருக்கும் ஓலைப் பறிக்குள் போடுகிறார்கள். வலை இல்லை, முள் இல்லை, படகு இல்லை. எங்கள் தடிகளின் விலையை அங்கே யாரும் கேட்காமலிருந்ததற்கு நன்றி சொன்னேன். கரையேறிய ஓர் அம்மாளிடம், "சேத்துல முள்ளு, நண்டு கடிக்காதாம்மா?" என்று கேட்டேன். விரல்களை விரித்துக் காட்டினார், பழைய தழும்புகள். "கடிக்கும். அதுவும் பொழைக்கணும்ல?" என்றார்.

சுனாமி அன்று இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவு; திறந்த கடற்கரையிலிருந்த ஊர்கள் பெரும் இழப்பைக் கண்டன. அலையின் வேகத்தை மரங்கள் வாங்கிக்கொண்டன என்று ஆய்வாளர்கள் பிறகு எழுதினார்கள். அம்மாளுக்கு ஆய்வு தேவைப்படவில்லை. "மரந்தான் புடிச்சு நிறுத்துச்சு" என்றார்.

மறுநாள் மாசி மகம். ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் வருஷாவருஷம் அத்தனை தூரம் பயணம் செய்து கிள்ளை முழுக்குத்துறைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். வழியில் கிள்ளை தைக்காலில், தர்கா சார்பில் முஸ்லிம்கள் அவருக்கு மாலை மரியாதை செய்கிறார்கள். மேளம் நெருங்கியதும் தொப்பி வைத்த பெரியவர்கள் தட்டோடு முன்னால் வந்தார்கள். எனக்கு அருகில் நின்ற ஒரு பெரியவர், "எங்க அத்தா காலத்துலேர்ந்து, அவங்க அத்தா காலத்துலேர்ந்து நடக்குது" என்றார். ஆண்டுப் பயணம் என்று நாங்கள் பீற்றிக்கொண்டிருந்தோம். தேதியை நிலவிடம் விட்டுவிட்டு, வழியில் யாரிடம் நின்று மரியாதை வாங்க வேண்டும், யாருக்குக் கொடுக்க வேண்டும் என்றுவரை தீர்மானித்து வைத்திருந்த பயணம் இது.

சிதம்பரம்

நடராசர் கோயில் கோபுரங்களைச் சுற்றி வந்தபோது உடம்பில் இன்னும் உப்பு இருந்தது. கீழவீதிப் பக்கம் ஒரு பழைய சாப்பாட்டுக் கடையில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும். கடலூரின் மீன்குழம்புக்கு எதிர்த்திசை: எண்ணெய் மிதக்கும் கத்தரிக்காய், கொத்தமல்லி விதை வறுத்த மணம், புளி ஒரு ஓரமாக அடக்கமாக. நான்கு நாள் மீன் தின்றவர்களுக்கு அது ஒரு விரதம்போல இருந்தது என்று நினைக்க வேண்டாம். தேயிலைக்காரர் மூன்று முறை கேட்டு வாங்கினார். கோயிலில் மிளகும் சீரகமும் மணக்கும் சம்பா சாதம் கிடைத்தது. அது தொன்னையில் சூடாக இருந்தவரை யாரும் பேசவில்லை.

தொன்னை காலியானதும் அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேச்சு தொடங்கியது. வங்கிக்காரர் டிசம்பர் என்ற சொல்லை எடுக்கவேயில்லை. பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். கடலூரில் பொரிகடலை வாங்கும்போது அதையும் வாங்கியிருக்கிறார். மாசி மகம் என்று வருகிறது என்று பார்த்தோம். அதைச் சுற்றி நாள் குறித்தோம். ஆசிரியர் ஒரு விதி சேர்த்தார்: தடியை மலையிலிருந்து கொண்டு வரலாம், நேரத்தைப் படகுக்காரர்தான் சொல்ல வேண்டும். தேயிலைக்காரர் இன்னொன்று: சாப்பிட மீன் வேண்டுமென்றால் மார்க்கெட்டில் வாங்க வேண்டும், அதுவும் செவுளைத் தூக்கிப் பார்த்து.

இந்தக் கரைக்கு வர நினைக்கும் தூண்டில்காரர்களுக்கு நானும் ஒன்றிரண்டு சொல்கிறேன். ஐப்பசியிலிருந்து மார்கழிவரை வராதீர்கள். அது மழையின் காலம். தை கடைசிக்குப் பிறகு நீர் தெளியும். காப்புக்காட்டுக்குள் தூண்டில் எடுக்காதீர்கள். படகுக்காரரிடம் பேரம் பேசாதீர்கள். அவர் சொல்லும் ஒரு வார்த்தை, நீங்கள் வாங்கிவந்த நூலைவிட விலை பெற்றது. முள்ளின் நுனியிலுள்ள எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டு வாருங்கள், மீனின் வாய் கிழியாது. கைநீளத்துக்கு மேல் ஒரு கொடுவா மாட்டினால் படம் எடுத்துக்கொண்டு நீரிலேயே வைத்து விட்டுவிடுங்கள். அது அநேகமாக ஒரு தாய். வெள்ளாற்றுக்கு அது வேண்டும், கரையில் வலை உலர்த்தும் வீடுகளுக்கும் வேண்டும்.